மணல் வண்டிக்குக் கச்சாத் தையல்

என் ஜாக்கெட்டுகளில் ஒன்றுகூட எனக்குச் சரியாக இருந்ததில்லை என்று நான் சொன்னால் தையல்கார அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "ஜாக்கெட்டு சரியாத்தான் இருக்கு. நீதான் இன்னும் அதுக்குச் சரியா வரல" என்பார். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இதைச் சொல்வார். எதிர்த்துப் பேசினால் பதில் சொல்கிற வேகத்தில் ஊசியை முழுங்கித் தொலைத்துவிடுவாரோ என்று பயந்து நான் பாதிச் சண்டையோடு நிறுத்திக்கொள்வேன். மீதிச் சண்டை அடுத்த ஜாக்கெட்டுக்கு இருக்கும்.

வைகைக் கரையோரம், கோச்சடையில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன். காளவாசலில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கீழே முன்னறை அவருடைய தையல் கடை, பின்னறைகள் வீடு. பக்கவாட்டில் தகரம் போட்ட ஒடுக்கமான ஒரு கொட்டகை. அங்கேதான் என் ஸ்கூட்டர் நிற்கும். நிற்கும் என்று சொல்லிவிட்டேன், நின்றது என்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையில் பிற்பாடு வேறொன்று நின்றது.

அக்காவின் குணம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே விட்டுத் தைப்பார். எல்லாத் தையல்காரர்களும் கொஞ்சம் விடுவார்கள், தெரியும். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு விரல் அகலம் துணி. அக்கா விடுவது ஒரு விரல் கணக்கெல்லாம் இல்லை. அக்குளுக்குள் மடித்து மடித்து அவர் விட்டிருக்கும் துணியில் ஒரு குழந்தைக்குச் சட்டையே தைக்கலாம். வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

"இறுக்கித் தைங்கக்கா. நான் என்ன நாளைக்கே ரெண்டு மடங்கா ஆகப் போறேனா?"

"இன்னைக்கு இருக்க ஒடம்புக்கு மட்டும் தச்சா அதுக்குப் பேரு தோலு. ஜாக்கெட்டு இல்ல" என்பார். "தச்சதப் பிரிச்சுக்கலாம் புள்ள. வெட்டுனத ஒட்ட முடியுமா?"

துணியைத் தவிர மற்றதிலும் இதே கதைதான். டீ போட்டால் யாரும் வராவிட்டாலும் ஒரு கிளாஸ் கூடுதலாக இருக்கும். மீன்காரரோடு சண்டை போட்டால், ஏரியாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி போடுவார். ஆனால் முடிக்கும்போது "சரி, பெறகு பேசிக்குவோம்" என்று கொஞ்சம் மிச்சம் வைப்பார். மறுநாள் அதே மீன்காரரிடம் நெத்திலி வாங்குவார். கத்திரிக்கோலை எடுத்தால் மட்டும் விளையாட்டு கிடையாது. துணியை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பிஸ்மில்லா சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். அந்த நேரத்தில் நான் வாடகைப் பணத்தோடு போய் நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துபோக, தையல் மிஷினையும் படித்துக்கொண்டிருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு சிம்மக்கல் பக்கத்திலிருந்து கோச்சடைக்கு வந்தவர் அவர். அந்தத் தம்பி வளர்ந்து வெல்டர் ஆகி வளைகுடாவுக்குப் போனான். அங்கே பாலைவனத்தில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணல் மேட்டில் ஏறி இறங்குகிற வண்டிகள் இருக்கின்றனவாம். குழாயை வளைத்து எலும்புக்கூடு மாதிரி ஒரு கூண்டு, நாலு குண்டுச் சக்கரம், கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. அந்தக் குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டுவது அவன் வேலை. ஒருநாள் அவன் ஒட்டிக்கொண்டிருந்த வண்டியின் டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது. இவனுக்குப் புருவம் மட்டும் பொசுங்கியது. பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு இரண்டு கையும் வெந்துபோயின. தம்பி ஊருக்கு வந்துவிட்டான்.

வந்தவன் பின்னறைக் கட்டிலில் படுத்தான். அவ்வளவுதான், எழவில்லை. அடுப்பு பற்ற வைத்தால் எழுந்து வெளியே போவான், மற்ற நேரம் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. அதனால்தான் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ஒனக்கு என்னப்பா, நல்லாத்தானே இருக்க" என்று அவனை இன்னும் கட்டிலோடு அழுத்திவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. "ஏக்கா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்ல?" என்று நான் கேட்டபோது, "போனோம். மாத்திரை குடுத்தாக. திங்கிறான். திண்டுட்டுப் படுக்குறான்" என்றார். ஊசியில் நூலைக் கோக்க முடியாமல் நாலு தடவை எச்சில் தொட்டார். நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

போனில் அவன் பார்ப்பதெல்லாம் அந்த வண்டிகளைத்தான். பயந்த பொருளையே நாள் முழுக்க எதற்குப் பார்க்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வரும். அக்காவுக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கிறது. ஒரு மத்தியானம் நான் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். அவர் கட்டில் ஓரம் நின்று போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன வண்டிடா?"

"பக்கி."

"யாரடா பக்கிங்கிற? செருப்பு பிஞ்சுரும்!"

"அய்யோ லாத்தா, வண்டிக்கு இங்கிலீசுல பேரே பக்கிதான்." கூடப்பிறந்த அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். அவன் சிரித்தான். சிரித்ததை உடனே மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். ஆனால் அக்கா பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். அந்த வீட்டில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அடுத்த வாரம் நான் ஆபீஸ் விட்டு வந்தால் என் ஸ்கூட்டர் தெருவில் வெயில் காய்கிறது. கொட்டகையில் தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, ஓரங்களைப் பசை தடவி ஒட்டி, அதன் மேல் அக்கா மண்டி போட்டு உட்கார்ந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் வண்டி..."

"மிதிச்சுறாத. அது முன்பாகம்."

"எதுக்கு முன்பாகம்?"

"மணல் வண்டிக்கு. பக்கின்னு சொல்ல வாய் வரல, அதான் மணல் வண்டி. நல்லா இருக்குல?"

பெண்களுக்குச் சுடிதார் தைக்கிறவர் பேப்பர் கட்டிங் போட்டு வண்டி செய்யப் போகிறாராம். "ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றேன். "மிஷினு மிதிக்கத் தெரியும்" என்றார்.

பணம் என்று பெரிதாக ஒன்றும் அவரிடம் கிடையாது. இருந்தது கை. ஓட்டை ஷேர் ஆட்டோ ஒன்றை இன்ஜினும் பின்சக்கரமுமாக அறுத்துக் கொடுத்தவர், மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்து வாங்கிக்கொண்டார். பழைய கார் ஸ்டியரிங் ஒரு பட்டுப்பாவாடைக்கு வந்தது. கிரில் பட்டறைக்காரரின் மனைவிக்கு எம்பிராய்டரி ரவிக்கை தைத்ததற்கு வெல்டிங் மிஷினை அவர் இரவல் கொடுத்தார். கோச்சடையிலும் காளவாசலிலும் அந்த வருடம் எந்த மெக்கானிக்கின் பெண்டாட்டியும் பழைய ரவிக்கையில் திரியவில்லை.

குழாய் வாங்கச் சிம்மக்கல்லில் ஒரு காயலாங்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய இரும்புக் குவியலில் அவர் ஒவ்வொரு குழாயையும் கையில் எடுத்து, இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"என்னம்மா பாக்குற?" என்றார் கடைக்காரர்.

"சாயம் போகுமான்னு பாக்குறேண்ணே."

"இரும்புக்கு எங்கிட்டும்மா சாயம்?"

"துரு விடுதுல்ல, அது சாயந்தானே?" என்று விரலைக் காட்டினார். விரல் செம்மண் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் நல்ல குழாய்களாக எடுத்து வந்தார். கூடவே பழைய பஸ் சீட் ஒன்றைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் குழாய்களை வெளியே நீட்டிக்கொண்டு நாங்கள் வந்த கோலத்தைப் பார்த்துச் சிரிக்காத ஆள் சிம்மக்கல்லிலிருந்து காளவாசல் வரை இல்லை. அக்கா இறங்கும்வரை எல்லோருக்கும் சலாம் வைத்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

குழாய் வெட்டுகிற நாளில்தான் அது நடந்தது. பேப்பர் மேல் குழாயை வைத்துக் கோடு போட்டு, பட்டறைக்காரர் கொடுத்த ரம்பத்தை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி அறுக்க ஆரம்பித்தார். பின்னறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்துத் திறந்திருந்தது. இரண்டு குழாய் அறுத்து முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

"லாத்தா! அளவு என்ன, வெட்டுறது என்ன? ஒரு சாண் கூட வெட்டுற!"

"உள்ள விட்டு வெட்டுறேன்டா."

"இரும்புல எதுக்கு உள்ள விடணும்? அது என்ன ஊதவா போகுது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? கொறைச்சு வெட்டிட்டா வம்பாயிரும்ல. தச்சதப் பிரிச்சுக்கலாம், வெட்டுனத ஒட்ட முடியுமா?"

"முடியும்!" என்று கத்தினான் அவன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இரும்ப ஒட்டலாம். அதுக்குத்தான வெல்டிங்குன்னு ஒண்ணு இருக்கு!"

அக்கா ரம்பத்தைக் கீழே வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"அப்பிடியா? யாரு ஒட்டுவா?"

அவன் ஜன்னலைச் சாத்திவிட்டான். நானாக இருந்தால் கதவைத் தட்டி, ஏன்டா, எதற்குடா என்று குடைந்திருப்பேன். அக்கா அடுத்த குழாயை எடுத்து, அதே மாதிரி ஒரு சாண் கூட்டி அளந்தார்.

யாரும் ஒட்டவில்லை என்றால் தானே ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். கிரில் பட்டறையில் போய், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெல்டிங் ராடைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பட்டறைக்காரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பொட்டு வைப்பது மட்டும்தான். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தால் புள்ளி புள்ளியாக உருகிப் பிடித்துக்கொள்ளும். முழுசாகச் சுற்றி ஒட்டுவதற்கு முன் இடம் பிசகாமல் நிறுத்திவைக்க அது.

"அட, இது நம்ம கச்சாத் தையலு!" என்று மேலே என் வீட்டுக்கே ஓடி வந்து சொன்னார். துணியை முதலில் பெரிது பெரிதாக நூல் ஓட்டி நிறுத்திப் பார்ப்பார்களே, போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் பிறகு மிஷினில் கெட்டித் தையல் போட்டு நூலை உருவிவிடுவார்கள், அந்தக் கச்சா. முகமெல்லாம் கரி. எனக்குச் சிரிப்பு வந்தது. கச்சாத் தையல் போட்ட ரவிக்கை பிரிந்தால் மானம் போகும். கச்சாத் தையல் போட்ட வண்டி பிரிந்தால்?

கூண்டு எழும்பியது. அக்கா பொட்டு வைக்கிற நேரம் பின்னறை ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருக்கும். முடித்துவிட்டு அவர் தையல் மிஷினுக்குப் போனதும் லேசாகத் திறக்கும்.

இதற்குள் பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. தையல்கார அக்கா மணல் வண்டி கட்டுகிறார். நம் ஊரில் மணல் வண்டி என்றால் என்ன அர்த்தம்? அதுவும் ஆற்றோரத்து ஏரியாவில்? ஒரு காலையில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"யாரும்மா இங்க மணல் வண்டி வச்சிருக்கது?"

"நாந்தேன் சார். உள்ள வாங்க, டீ இருக்கு" என்றார் அக்கா. அந்தக் கூடுதல் கிளாஸ் அன்றைக்கு உதவியது. போலீஸ்காரர் கொட்டகைக்குள் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், குழாய்களுக்கு நடுவே கையை விட்டு இந்தப் பக்கமாக எடுத்தார்.

"இதுல மணல எங்கம்மா அள்ளுவ?"

"மணல அள்ள இல்ல சார். மணலு மேல ஓட்ட."

"எதுக்கு?"

அதுவரைக்கும் யாரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. நான்கூட. அக்கா ஜன்னலைப் பார்த்தார். "சும்மாதேன் சார்" என்றார். போலீஸ்காரர் டீயைக் குடித்துவிட்டு, "ரோட்டுல ஏத்துனா பிடிச்சுருவேன், பாத்துக்க. எங்கிட்டுப் போனாலும் லோடு ஆட்டோவுல ஏத்திக் கொண்டு போ" என்று எச்சரித்தார். போகும்போது தன் காக்கிச் சட்டையின் அக்குள் கிழிசலைக் காட்டி, "இத மூட்ட முடியுமா?" என்று கேட்டார். மூட்டிக் கொடுத்தார். உள்ளே துணி விட்டுத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா ஜன்னலுக்கு நேராக நின்று என்னிடம் உரக்கப் பேசினார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஒனக்கு லீவுதானே? லோடு ஆட்டோ சொல்லியாச்சு. ஆத்துல வண்டிய எறக்குறோம். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல ஒக்காரு."

"நானா? அக்கா, இது பொட்டு வச்சதோட நிக்குது!"

"அதுனால என்ன? கெட்டித் தையல் போட ஆளில்ல. போற வரைக்கும் போகட்டும்."

நான் மறுக்க வாயைத் திறந்தேன். அவர் கண்ணைக் காட்டவில்லை, கையை அழுத்தவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிற முகமும் இல்லை. நிஜமாகவே ஏறி உட்கார்ந்து ஓட்டிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி கொட்டகைக்கு வந்தான். வெளிச்சத்தில் பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தான். வண்டியின் மூலைக் குழாயைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். ஒரு பொட்டு பட்டென்று விட்டது.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? இதுல ஏறுனா செத்துப் போவ லாத்தா!"

"போவேன்."

"போவியா?"

"நீ இருக்க இருப்புக்கு நான் இருந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்? போடா. போயிப் படு."

அக்கா குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டு விறுவிறுவென்று கடைக்குள் போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டார். கடகடவென்று மிதிக்கிற சத்தம் வந்தது. நான் அவர் பின்னால் ஓடினேன். ஊசிக்கு அடியில் துணியே இல்லை, வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கொட்டகையில் வண்டியின் டேங்கைக் கழற்றுகிற சத்தம். அதைத் தூக்கிக்கொண்டு அவன் தெருக் கோடி வரை போய் வைத்துவிட்டு வந்தான். வாளியில் தண்ணீர் பிடித்தான். இன்னொரு வாளியில் மணல் அள்ளி வைத்தான். இன்னொரு வாளி தண்ணீர். அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் உதடு ஓதிக்கொண்டிருந்தது. பிறகு சர்ரென்று ஒரு சத்தம், உடனே நின்றது. மறுபடி சர், நின்றது. ராடு குழாயோடு ஒட்டிக்கொள்கிறது, அவன் பிய்த்துப் பிய்த்து எடுக்கிறான் என்று எனக்கே புரிந்தது. போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாவது முறை அந்தச் சத்தம் நிற்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிகிற மாதிரி நீளமாக, சீராக வந்துகொண்டே இருந்தது. சுவரில் நீல வெளிச்சம் துள்ளியது. அக்காவின் கால் நின்றுவிட்டது. மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். எதற்கு மறைக்க?

சாயங்காலத்துக்குள் கூண்டில் இருந்த பொட்டையெல்லாம் சுற்றி ஒட்டிவிட்டான். கூட விட்டிருந்த சாண்களில் பாதியை அறுத்துப் போட்டான். பின்சக்கரத்துக்கு மேல் இருந்ததை மட்டும் அறுக்காமல் நின்று யோசித்தான். "இத அப்பிடியே விட்டா அகலம் கூடும். மணல்ல சாயாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "லாத்தா, தெரிஞ்சா விட்ட?" என்று கத்தினான்.

"என்னத்தத் தெரிஞ்சு? எப்பவும் விடுறதுதான்!" என்று இங்கிருந்து பதில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வைகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சீமைக்கருவேலத்தைத் தாண்டி நல்ல மணல் கிடந்த இடத்தில் வண்டியை இறக்கினோம். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. "மாப்ள, அண்ணே என்னமோ பறக்குற வண்டி கொண்டாந்திருக்காருடா!" ஷேர் ஆட்டோ இன்ஜின் பறக்குமா? டப டப டப என்று ஷேர் ஆட்டோ சத்தம்தான் போட்டது. ஆனால் மணலைப் பீய்ச்சிக்கொண்டு அவன் வளைத்துத் திருப்பியபோது எனக்கு அது போதும் போதும் என்றிருந்தது, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். வாயெல்லாம் மணல். பஸ் சீட்டுக்கு அக்கா லைனிங் துணியில் பூப்போட்ட உறை தைத்திருந்தார், அதைப் பிய்த்துவிடுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு "யம்மா! யம்மா!" என்று கத்தினேன். அடுத்த சுற்று அக்கா ஏறினார். அவர் கத்தவில்லை. கழுத்தில் கிடந்த டேப் காற்றில் பறக்க, "வெரசாப் போடா! என்னடா மிதிக்கிற, இதுக்கு என் மிஷினே தேவல!" என்று அவனை விரட்டினார்.

அதற்கப்புறம் அவன் கட்டிலில் படுத்தது ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும்தான். கிரில் பட்டறைக்கு வேலைக்குப் போனான். கையெல்லாம் வெந்த அந்தக் கூட்டாளியோடு போனில் பேசினான், அது பெரிய விஷயம். கொஞ்ச மாதம் கழித்து வளைகுடாவிலிருந்து அதே மாதிரி இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. போகிறேன் என்றான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இதுக்கா அம்புட்டுப் பாடுபட்டீங்க? எழுப்பி உக்கார வச்சதே நீங்க, இப்ப அவன் ஒங்கள விட்டுட்டுப் போறான்" என்று கொட்டிவிட்டேன்.

"அவன் எந்திரிச்சாப் போவான்னு எனக்குத் தெரியாதா புள்ள?" என்றார். ஒரு ரவிக்கையின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இங்கனயே கெடக்கணும்னா கட்டில்லயே கெடந்திருப்பானே."

"வருத்தமா இல்லையா?"

"இருக்குடி. இல்லாம? நெஞ்சு அறுக்குது. அதுக்காக இறுக்கிப் பிடிச்சுத் தைக்க முடியுமா?"

அவன் போன மறு மாதம் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. கடைசியாக ஒரு ரவிக்கைத் துணி கொடுக்கக் கீழே போனேன். கொட்டகையில் வண்டி பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஆசைக்கு ஒருமுறை விலக்கிப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி அவன் ஒட்டியிருந்த ஒட்டெல்லாம் வரி வரியாக, மிஷின் தையல் மாதிரி அழகாக இருந்தது. பின்பக்கம் சாமான் வைக்கிற தட்டின் ஓரத்தில் ஓர் இணைப்பு மட்டும் அப்படி இல்லை. கோணல்மாணலாக நாலு பொட்டு. அக்கா வைத்தது. அதைத் தொடவே இல்லை அவன்.

"அக்கா, இங்க ஒண்ண மறந்துட்டுப் போயிட்டான், பாருங்க. கச்சாவோட நிக்குது."

அக்கா சுண்ணாம்புக் கட்டியோடு வந்து நின்றார். அந்த நாலு பொட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"மறக்கல. கெளம்பும்போது என்னயக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தேன் போனான்."

"ஏன், அத ஒட்டலாம்ல?"

"வந்து ஒட்டுறேன்னான்." புடவையை இழுத்து மறுபடி போர்த்தினார். "உள்ள விட்டுட்டுப் போயிருக்கான் புள்ள."

கடைக்குள் வந்து என் கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினார். நெஞ்சளவைச் சொல்லி எழுதிக்கொண்டு, வழக்கமான சண்டைக்குத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்.

"விட்டே தைங்கக்கா" என்றேன்.